ஸ்வயம், என்பிடெல் பாடம் முதல்முறை எடுப்பவர்களுக்கு: பெயர் பதிவதிலிருந்து கிரெடிட் ஏறும் வரை

ஜனவரியிலும் ஜூலையிலும் தமிழ்நாட்டுக் கல்லூரிகளின் வகுப்பு வாட்ஸப் குழுக்களில் ஒரு செய்தி தவறாமல் வரும்: "எல்லாரும் இந்த செமஸ்டர் ஒரு என்பிடெல் கோர்ஸ் என்ரோல் பண்ணிட்டு ஸ்கிரீன்ஷாட் அனுப்புங்க." ஸ்கிரீன்ஷாட் அனுப்பியதோடு பாதிப் பேர் அதை மறந்துவிடுகிறார்கள். மீதிப் பேரில் சிலர் ஒழுங்காகப் படித்து, தேர்வெழுதி, சான்றிதழும் வாங்கிவிட்டு, கடைசியில் "கிரெடிட் ஏறலையே சார்" என்று வந்து நிற்கிறார்கள். இந்தப் பாடங்களில் மாணவர்களுக்கு வழிகாட்டும் ஆசிரியராக, அதாவது மென்டாராக, இருந்து பார்த்ததில் இந்த இரண்டாவது கூட்டத்தைப் பார்க்கும்போதுதான் மனசு கஷ்டப்படும். உழைப்பு எல்லாம் போட்டும் ஒரு கையெழுத்து வாங்காததால் வீணாகிறது.

அதனால் முதலில் இதை மனதில் வையுங்கள். இதில் மூன்று தனித்தனி வேலைகள் இருக்கின்றன. பாடத்தில் சேர்வது ஒன்று; அது இலவசம், ஒன்றிய அரசின் இணையவழிப் பாடத் தளமான ஸ்வயமில் நடக்கிறது. தேர்வுக்குப் பதிவது இன்னொன்று. அதற்குக் கட்டணம் உண்டு, தனி விண்ணப்பம் உண்டு. கிரெடிட் மாற்றம், அதாவது அந்தப் பாடத்தை உங்கள் பட்டப்படிப்புக் கணக்கில் சேர்ப்பது, மூன்றாவது. அது முழுக்க உங்கள் கல்லூரி கையில் இருக்கிறது. ஒன்றைச் செய்தால் மற்றது தானாக நடந்துவிடாது. மூன்றுக்கும் கடைசித் தேதியும் வேறு வேறு. இந்த வழிகாட்டி அந்த மூன்றையும் வரிசையாகச் சொல்கிறது. பெரும்பாலும் ஸ்வயமில் வரும் என்பிடெல் பாடங்களை வைத்தே சொல்கிறேன், ஏனென்றால் இங்கே பொறியியல் கல்லூரிகளில் அதிகம் எடுப்பது அதுதான்.

கல்லூரி ஏன் இதைக் கேட்கிறது?

என்பிடெல் 2003-இல் தொடங்கியது. ஏழு ஐஐடிகளும் பெங்களூரு இந்திய அறிவியல் கழகமும் சேர்ந்து, ஒன்றிய அரசின் பணத்தில், தங்கள் வகுப்புகளைப் படம்பிடித்து எல்லோருக்கும் இலவசமாகத் திறந்துவிட்டன. 2014-இல் வாரப் பாடம், அசைன்மென்ட், நேரடித் தேர்வு, சான்றிதழ் என்ற இப்போதைய வடிவம் வந்தது. ஒருங்கிணைப்பு வேலை சென்னை ஐஐடியில் நடக்கிறது. ஸ்வயம் என்பது அதைவிடப் பெரிய குடை. 2017 ஜூலை 9 அன்று தொடங்கப்பட்டது. பொறியியல் பாடங்களை என்பிடெலும், மேலாண்மைப் பாடங்களைப் பெங்களூரு ஐஐஎம்மும், ஆசிரியர் பயிற்சியைத் தரமணியில் இருக்கும் என்ஐடிடிடிஆரும் பார்த்துக்கொள்கின்றன. கலை அறிவியல் இளநிலைப் பாடங்கள் சிஇசி என்ற அமைப்பிடம், முதுநிலைப் பாடங்கள் பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசியிடம்.

ஒரு பருவத்தில் ஒரு பட்டப்படிப்பில் நடத்தப்படும் பாடங்களில் 40 சதவீதம் வரை ஸ்வயம் வழியாகப் படித்து கிரெடிட் பெறலாம் என்று யுஜிசி 2021-இல் விதி செய்தது. அதற்கு முந்தைய 2016 விதியில் இது 20 சதவீதம்தான். 40 என்பது உச்சவரம்பு. உங்கள் பல்கலைக்கழகமோ தன்னாட்சிக் கல்லூரியோ அதற்குள் எவ்வளவு வேண்டுமானாலும் குறைத்து வைத்துக்கொள்ளலாம். பக்கத்துக் கல்லூரியில் படிக்கும் நண்பன் சொன்னதை நம்பி இறங்கக் கூடாது என்பது இதனால்தான்.

கல்லூரிகளுக்கு இதில் என்ன தேவை என்று கேட்டால், தரமதிப்பீட்டின்போது காட்ட எண்ணிக்கை வேண்டும் என்பது ஒரு பக்கம். இன்னொரு பக்கம் உண்மையான தேவை. சிறிய ஊரில் இருக்கும் ஒரு கல்லூரியில் ஆறு மாணவர்கள் மட்டும் கிரிப்டோகிராஃபியோ கடல்சார் கட்டமைப்போ படிக்க விரும்பினால், அதற்கென ஓர் ஆசிரியரை நியமிக்க முடியாது. இதுவரை என்ன நடந்தது? துறையில் யாருக்கு எது தெரியுமோ அதுவே எல்லோருக்கும் எலக்டிவ் (விருப்பப் பாடம்) ஆனது. இப்போது அந்த ஆறு பேரும் தங்களுக்குப் பிடித்ததைப் படிக்க வழி இருக்கிறது. என் பார்வையில் இந்த ஏற்பாட்டின் முழு மதிப்பும் இங்கேதான். அதனால் "எது ஈஸி?" என்று கேட்பதற்கு முன்னால் "எங்கள் கல்லூரியில் எது கிடைக்காது?" என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.

முதல் வேலை: தளத்தைத் திறப்பதற்கு முன் துறையில் கேளுங்கள்

ஸ்வயமில் கணக்கு தொடங்குவதற்கு முன்பே துறைத் தலைவரிடமோ ஸ்பாக் பொறுப்பில் இருக்கும் ஆசிரியரிடமோ போங்கள். என்பிடெலோடு இணைந்த கல்லூரியை லோக்கல் சாப்டர் என்பார்கள். அதற்குப் பொறுப்பாக ஓர் ஆசிரியர் இருப்பார், அவர்தான் ஸ்பாக். உங்கள் கல்லூரியில் அது யார் என்று தெரியாவிட்டால் துறை அலுவலகத்தில் கேட்டால் சொல்வார்கள்.

கேட்க வேண்டியவை இவை. நான் எடுக்க நினைக்கும் பாடம் இந்தப் பருவத்துக்கு அங்கீகரிக்கப்பட்ட பட்டியலில் இருக்கிறதா? அது எந்த எலக்டிவுக்குப் பதிலாக ஏற்கப்படும், அல்லது கூடுதல் கிரெடிட்டாக மட்டும் போகுமா? என்பிடெல் தரும் மதிப்பெண்ணை எங்கள் கிரேடாக எப்படி மாற்றுவார்கள்? தேர்ச்சி பெறாவிட்டால் அரியராக ஏறுமா, அல்லது வகுப்பில் வேறு எலக்டிவ் எடுத்துச் சரிசெய்யலாமா?

வாரக் கணக்குக்கும் கிரெடிட்டுக்கும் உள்ள உறவு எளிது. 4 வாரப் பாடத்துக்கு 1 கிரெடிட், 8 வாரத்துக்கு 2, 12 வாரத்துக்கு 3. உங்கள் எலக்டிவ் 3 கிரெடிட் என்றால் 12 வாரப் பாடம்தான் பொருந்தும். 8 வாரப் பாடத்தை எடுத்துவிட்டு "ஒரு கிரெடிட் மட்டும் குறையுதே" என்று பிறகு போராடுவதில் பயனில்லை.

இறுதி ஆண்டுக் கடைசிப் பருவத்தில் இருப்பவர்கள் இன்னொன்றும் கேட்க வேண்டும். தேர்வு முடிந்து முடிவு வரச் சில வாரங்கள் ஆகும். அந்த முடிவு உங்கள் கல்லூரி தன் முடிவை வெளியிடுவதற்குள் வந்துவிடுமா? பட்டச் சான்றிதழுக்குக் காத்திருக்கும் நேரத்தில் ஒரே ஒரு ஆன்லைன் பாடத்துக்காகத் தாமதமாவது பெரிய தலைவலி. என்னைக் கேட்டால் கிரெடிட்டுக்காக எடுப்பவர்கள் இரண்டாம், மூன்றாம் ஆண்டிலேயே எடுத்துவிடுவது நல்லது.

இதற்கெல்லாம் பதில் வாய்மொழியாக வந்தால் போதாது. பெரும்பாலான கல்லூரிகளில் முன் அனுமதிப் படிவம் ஒன்று இருக்கும். பாடத்தின் பெயர், பாடக் குறியீடு, வாரங்கள், எதற்குப் பதில் என்பதை எழுதித் துறைத் தலைவர் கையெழுத்து வாங்கி, ஒரு நகலைப் பத்திரமாக வையுங்கள். படிவமே இல்லாத கல்லூரி என்றால் ஒரு வெள்ளைத்தாளில் கடிதமாக எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். துறைத் தலைவர் மாறுவார், தேர்வுப் பிரிவில் ஆள் மாறுவார். அந்தத் தாள் மாறாது.

பாடத்தைத் தேர்ந்தெடுப்பது

ஒவ்வொரு பாடத்துக்கும் ஸ்வயமில் ஒரு பக்கம் இருக்கும். யாருக்கான பாடம், முன்னறிவு என்ன வேண்டும், வாரவாரியான திட்டம், பாடநூல்கள், தேர்வுத் தேதி எல்லாம் அதில் இருக்கும். எல்லோரும் அறிமுக வீடியோவைப் பார்த்து முடிவு செய்கிறார்கள். அறிமுக வீடியோ எல்லாப் பாடத்துக்கும் நன்றாகத்தான் இருக்கும்! அதை விடுங்கள். பெரும்பாலான பாடங்கள் முன்பே ஓரிரு முறை நடந்தவை. அவற்றின் வகுப்புகள் யூடியூபில் அப்படியே கிடக்கின்றன. நான்காம் வாரத்திலிருந்து ஒரு வகுப்பை எடுத்து முழுதாகப் பாருங்கள். பேராசிரியர் பேசும் வேகம், கணக்கின் கடினம், கரும்பலகையா சிலைடா என்பதெல்லாம் அரை மணி நேரத்தில் தெரிந்துவிடும். பாதிக்கு மேல் பிடிபடுகிறது என்றால் எடுங்கள். ஒன்றுமே புரியவில்லை என்றால் முன்னறிவு குறைகிறது என்று அர்த்தம். இதே துறையில் ஒரு அடிப்படைப் பாடத்தை இந்தப் பருவம் எடுத்துவிட்டு, இதை அடுத்த முறைக்கு வையுங்கள்.

பாடத்தின் தேர்வுத் தேதியை இப்போதே பார்த்துக்கொள்ளுங்கள். தேர்வுகள் பெரும்பாலும் சனி, ஞாயிறுகளில் வரும். ஜனவரிப் பருவத்தின் தேர்வுகள் ஏப்ரல் வாக்கில் வரும்போது உங்கள் மாடல் எக்ஸாமோ செய்முறைத் தேர்வோ அதே வாரத்தில் வரலாம். முதல்முறை என்றால் ஒரே ஒரு பாடம் போதும். மூன்று பாடத்தில் பெயர் கொடுத்து ஒன்றையும் முடிக்காதவர்களை ஒவ்வொரு பருவமும் பார்க்கிறேன்.

கணக்கு தொடங்கும்போது கவனிக்க வேண்டிய சின்ன விஷயங்கள்

எந்த மின்னஞ்சலில் சேர்கிறீர்களோ அதே மின்னஞ்சலில்தான் தேர்வுக்கும் பதிய வேண்டும். கல்லூரி கொடுத்த மின்னஞ்சலைப் பயன்படுத்தச் சொன்னால் சரி, ஆனால் படிப்பு முடிந்ததும் அந்த மின்னஞ்சல் மூடப்படுமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். மூடப்படும் என்றால் சான்றிதழை அதற்குள் இறக்கி வைத்துவிட வேண்டும்.

அப்புறம் பெயர். நம் ஊர் மாணவர்கள் அதிகம் மாட்டிக்கொள்வது இங்கேதான். நமக்கு இருப்பது ஒரு பெயரும் ஒரு இனிஷியலும். விண்ணப்பமோ முதற்பெயர், கடைசிப்பெயர் என்று இரண்டு கட்டம் காட்டும். ஒருவர் இனிஷியலை விரித்து அப்பா பெயரைப் போடுவார்; ஒருவர் ஒற்றை எழுத்தைப் போடுவார்; இன்னொருவர் தன் பெயரையே இரண்டாக உடைத்துப் போடுவார். கடைசியில் சான்றிதழில் ஒரு பெயர், மதிப்பெண் பட்டியலில் ஒரு பெயர், ஆதாரில் ஒரு பெயர். தேர்வுப் பிரிவு இதைக் கேள்வி கேட்கும். வேலைக்குச் சேரும் இடத்திலும் கேட்பார்கள். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் எப்படி இருக்கிறதோ, இனிஷியல் எந்தப் பக்கம் இருக்கிறதோ, அப்படியே போடுங்கள். தேர்வு விண்ணப்பத்தில் கொடுக்கும் பெயர்தான் சான்றிதழில் அச்சாகும். பிறகு திருத்துவது பெரும்பாடு.

பாடத்தில் சேரும்போது நீங்கள் கல்லூரி மாணவரா என்று கேட்டு, மாநிலம், கல்லூரி, துறை, ரோல் நம்பர் நிரப்பச் சொல்லும். கல்லூரியைப் பட்டியலில் இருந்தே தேர்ந்தெடுங்கள். அதே பெயரில் இரண்டு மூன்று கல்லூரிகள் இருந்தால் ஊரைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். இதைச் சரியாகச் செய்தால்தான் மென்டாருக்கு உங்கள் அசைன்மென்ட் மதிப்பெண்கள் தெரியும். பின்தங்கினால் கூப்பிட்டு விசாரிப்பார்.

மதிப்பெண் கணக்கு: இதைப் புரிந்துகொள்ளாமல் ஆரம்பிக்காதீர்கள்

என்பிடெலில் மொத்தம் 100 மதிப்பெண். அதில் 25 அசைன்மென்டுக்கு, 75 நேரடித் தேர்வுக்கு. அசைன்மென்டில் எல்லாவற்றையும் எடுத்துக்கொள்வதில்லை. 12 வாரப் பாடத்தில் நீங்கள் செய்ததில் சிறந்த 8, 8 வாரப் பாடத்தில் சிறந்த 6, 4 வாரப் பாடத்தில் சிறந்த 3. அவற்றின் சராசரியில் 25 சதவீதம் கணக்கில் சேரும். தேர்வு 100-க்கு நடக்கும், அதில் 75 சதவீதம் சேரும்.

இங்கே ஒரு நிபந்தனை இருக்கிறது. மொத்தம் 40 வந்தால் பாஸ் என்று நினைத்துக்கொள்கிறார்கள். அசைன்மென்டில் 25-க்கு குறைந்தது 10, தேர்வில் 75-க்கு குறைந்தது 30, இரண்டும் தனித்தனியாக வர வேண்டும். ஒரு உதாரணம் போட்டுப் பார்க்கலாம். ஒரு மாணவியின் அசைன்மென்ட் சராசரி 80. அப்படியானால் 25-க்கு 20. தேர்வில் 38 வாங்குகிறார். 75-க்கு அது 28.5. மொத்தம் 48.5. பார்க்கப் பாஸ் மாதிரி இருக்கும். ஆனால் தேர்வில் 30-ஐத் தொடவில்லை, சான்றிதழ் கிடையாது. இன்னொருவர் அசைன்மென்டை அலட்சியமாக விட்டுச் சராசரி 36 வைத்திருக்கிறார், 25-க்கு 9. தேர்வில் 80 வாங்கினால் 75-க்கு 60. மொத்தம் 69 இருந்தும் சான்றிதழ் இல்லை. ஒரே ஒரு மதிப்பெண்!

சான்றிதழில் படிகளும் உண்டு. 40 முதல் 59 வரை வெறும் தேர்ச்சி; 60 முதல் 74 வரை எலீட்; 75 முதல் 89 வரை எலீட்டோடு சில்வர்; 90-உம் அதற்கு மேலும் எலீட்டோடு கோல்டு. சில கல்லூரிகள் எலீட் வாங்கினால் தேர்வுக் கட்டணத்தைத் திருப்பித் தருகின்றன. உங்கள் கல்லூரியில் உண்டா என்று ஸ்பாக்கிடம் கேளுங்கள். இருந்தால் அது யாரும் வலியச் சொல்லாத தகவலாகவே இருக்கும்.

கலை அறிவியல் மாணவர்கள் எடுக்கும் சிஇசி, யுஜிசி பாடங்களில் இந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது. உள்மதிப்பீட்டுக்கு 30, இறுதித் தேர்வுக்கு 70 என்று வரும். தேர்வைத் தேசியத் தேர்வு முகமையான என்டிஏ நடத்துகிறது. விண்ணப்பமும் கட்டணமும் வேறு. பாடத்தின் பக்கத்தில் ஒருங்கிணைப்பாளர் யார் என்று போட்டிருக்கும். அதைப் பார்த்துவிட்டு அந்த விதியைப் படியுங்கள்.

வாராவாரம் செய்ய வேண்டியது

ஒரு வாரத்துக்குச் சுமார் இரண்டரை மணி நேர வீடியோ இருக்கும், பெரும்பாலும் அரை மணி நேரத் துண்டுகளாக. கூடவே ஒரு அசைன்மென்ட். அதன் கெடு பெரும்பாலும் புதன்கிழமை இரவு 11.59. புதன் இரவு பதினொன்றரைக்கு மேல் ஹாஸ்டல் வைஃபை என்ன கதியில் இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். அதனால் ஞாயிறு மாலையே ஒரு முறை சமர்ப்பித்துவிடுங்கள். கெடு முடியும் வரை எத்தனை முறை வேண்டுமானாலும் திருத்தி அனுப்பலாம். கடைசியாக அனுப்பியதைத்தான் எடுத்துக்கொள்வார்கள். முதல் முறை தெரிந்ததைப் போட்டு அனுப்பிவிட்டு, திங்களும் செவ்வாயும் சந்தேகமான கேள்விகளைத் திரும்பப் பார்ப்பது நல்ல பழக்கம்.

டெலிகிராமிலும் யூடியூபிலும் "வீக் 3 அசைன்மென்ட் ஆன்ஸர்ஸ்" என்று வாராவாரம் வரும். அவற்றில் பல தவறு என்பது ஒரு பக்கம் இருக்கட்டும். 25 மதிப்பெண்ணுக்கான பகுதியில் நூற்றுக்கு நூறு எடுத்துவிட்டு, 75 மதிப்பெண்ணுக்கான தேர்வு அறையில் தனியாக உட்காரும்போது கையில் ஒன்றும் இருக்காது. மேலே சொன்ன 48.5 கதை பெரும்பாலும் இப்படித்தான் நடக்கிறது. நீங்களே போட்டுப் பத்தில் ஆறு சரியாக வந்தால் அதுவே தேர்வுக்கான தயாரிப்பு. கெடு முடிந்ததும் விடைகளை வெளியிடுவார்கள். தவறிய நான்கை அன்றே நோட்டில் எழுதிவையுங்கள். தேர்வுக்கு முந்தைய வாரம் திருப்பிப் பார்க்க அந்த நோட்டைவிடச் சிறந்த கைடு கிடையாது.

தமிழ் வழியில் படித்து வந்தவர்களுக்கு முதல் இரண்டு வாரம் கடினமாக இருக்கும். பேராசிரியரின் உச்சரிப்பு பழகவே ஒரு வாரம் ஆகும். அதற்கு ஒரு வழி: வீடியோவுக்கு முன்னால் அந்த வகுப்பின் எழுத்து வடிவத்தைப் படித்துவிடுங்கள். என்பிடெல் வகுப்புகளின் எழுத்து வடிவம் பிடிஎஃபாகக் கிடைக்கும். பல பாடங்களுக்கு அது தமிழிலும் மொழிபெயர்க்கப்பட்டிருக்கிறது. தமிழில் ஒருமுறை வாசித்துக் கருத்தைப் பிடித்துக்கொண்டு, பிறகு ஆங்கிலத்தில் கேட்டால் பாதிச் சுமை குறைந்துவிடும். கேள்வித்தாள் ஆங்கிலத்தில்தான் இருக்கும் என்பதால் ஆங்கிலத்தில் கேட்பதை விட்டுவிடாதீர்கள்.

டேட்டா குறைவாக இருக்கிறது என்றால் கல்லூரி வைஃபையில் அந்த வாரத்துக்கான வீடியோக்களைக் குறைந்த தரத்தில் இறக்கிக்கொள்ளுங்கள். சிலைடும் குரலும் தெளிவாக இருந்தால் போதும். கல்லூரியில் அந்த வசதி இல்லை என்றால் கேட்டுப் பெற உங்களுக்கு நியாயம் இருக்கிறது. ஸ்வயம் பாடத்துக்குத் தேவையான கணினி, நூலகம், ஆய்வகம் போன்றவற்றைக் கல்லூரி இலவசமாகவும் போதுமான அளவிலும் தர வேண்டும், வழிகாட்ட ஓர் ஆசிரியரையும் நியமிக்க வேண்டும் என்று யுஜிசி விதியே சொல்கிறது. பாடத்தைக் கட்டாயமாக்கிவிட்டு, அதைப் படிக்கக் கால அட்டவணையில் ஒரு மணி நேரம்கூட ஒதுக்காத கல்லூரிகள் இருக்கின்றன. வீட்டில் தனி அறையோ மடிக்கணினியோ இல்லாத மாணவர்தான் அங்கே முதலில் பின்தங்குவார். வகுப்புப் பிரதிநிதி மூலம் வாரத்துக்கு இரண்டு மணி நேரம் லேப் திறந்துவைக்கக் கேளுங்கள். கேட்ட இடத்தில் பெரும்பாலும் கிடைக்கிறது.

பாடத்தின் விவாதப் பகுதியில் சந்தேகம் கேட்கலாம். உதவி ஆசிரியர்கள் பதில் சொல்வார்கள். "சார் எனக்கு இந்த வாரம் புரியல" என்று எழுதினால் பதில் வராது. எந்த வகுப்பு, எத்தனையாவது நிமிடம், எந்தச் சமன்பாடு என்று எழுதுங்கள். பல பாடங்களுக்குப் பிஎம்ஆர்எஃப் என்ற பிரதமர் ஆய்வு உதவித்தொகை பெறும் ஆய்வு மாணவர்கள் வாரம் ஒருமுறை நேரலையில் கணக்குப் போட்டுக் காட்டுகிறார்கள். அதை யாரும் பெரிதாகப் பயன்படுத்திக்கொள்வதில்லை. எனக்கு இதில் ஆச்சரியம் தீரவே இல்லை. ஐஐடி ஆய்வு மாணவர் ஒருவர் உங்கள் சந்தேகத்துக்காக உட்கார்ந்திருக்கிறார். போய்க் கேளுங்கள்.

தேர்வுக்குப் பதிவது

பாடம் தொடங்கிச் சில வாரங்களில் தேர்வுப் பதிவு திறக்கும், சீக்கிரமே மூடியும்விடும். பாதிப் பாடம் போன பிறகு "எழுதலாமா வேண்டாமா" என்று முடிவெடுக்கலாம் என்று தள்ளிப்போட்டால் வாய்ப்பே போய்விடும். என்பிடெல் தேர்வுக்குக் கட்டணம் பல பருவங்களாகப் பாடத்துக்கு 1000 ரூபாய் என்று இருந்து வருகிறது. எஸ்சி, எஸ்டி மாணவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் உரிய சான்று இணைத்தால் அதில் பாதி. சாதிச் சான்றிதழைத் தெளிவாக ஸ்கேன் செய்து முன்பே தயாராக வையுங்கள். கடைசி நாள் இரவு மங்கலான போட்டோவை ஏற்றினால் நிராகரிக்கப்படலாம்.

விண்ணப்பத்தில் தேர்வு ஊர்களை வரிசையாகக் கேட்கும். வீட்டுக்குப் பக்கமா, கல்லூரிக்குப் பக்கமா என்று யோசித்துப் போடுங்கள்; தேர்வு நாள் விடுமுறையில் வருமா என்பதையும் பாருங்கள். தேர்வு மூன்று மணி நேரம். காலை 9 முதல் 12 வரை, அல்லது மதியம் 2 முதல் 5 வரை. காலை வேளை கிடைத்து மையம் வேறு ஊரில் இருந்தால் முதல் பேருந்தை நம்பாமல் முந்தைய நாளே போய்விடுவது நல்லது. மதியம் தேர்ந்தெடுக்க வழி இருந்தால், வெளியூர்க்காரர்கள் அதையே தேர்ந்தெடுங்கள்.

ஹால் டிக்கெட்டை அச்சிட்டு எடுத்துப்போங்கள். அசல் அடையாள அட்டை கட்டாயம். போனில் காட்டினால் விடமாட்டார்கள், போனையே உள்ளே விடமாட்டார்கள். பெரும்பாலான தேர்வுகள் கணினியில் நடக்கின்றன. கால்குலேட்டர் திரையிலேயே இருக்கும். மவுஸால் அழுத்திக் கணக்குப் போடுவது கைப்பழக்கம் இல்லாதவர்களுக்கு நேரத்தைத் தின்னும். கணக்கு நிறைய வரும் பாடம் என்றால் வீட்டிலேயே கணினியில் இருக்கும் கால்குலேட்டரை வைத்து இரண்டு அசைன்மென்டைத் திரும்பப் போட்டுப் பழகுங்கள்.

பாடத்தோடு சேர்ந்து பயன்படும் சில தளங்கள்

ஆன்லைன் பாடத்தில் கிடைக்காதது கைவேலை. அதற்கு வர்ச்சுவல் லேப்ஸ் தளத்தைப் பாருங்கள். ஐஐடிகள் உட்படப் பல நிறுவனங்கள் சேர்ந்து செய்தது. சோதனைகளை உலாவியிலேயே இலவசமாகச் செய்து பார்க்கலாம். நிரலாக்கமோ மென்பொருளோ கற்க மும்பை ஐஐடியின் ஸ்போக்கன் டுடோரியல் நல்லது. பத்து நிமிடத் துண்டுகள், தமிழ்க் குரலிலும் உண்டு, இணையம் இல்லாமலும் பார்க்கலாம். முதலாம் ஆண்டு மாணவர்களுக்கு லினக்ஸும் பைத்தானும் பழக இதையே சொல்கிறேன். 2022 மார்ச்சில் தமிழ்நாடு அரசு தொடங்கிய நான் முதல்வன் திட்டத்தின் திறன் பாடங்கள் வேறு வகை. அவை உங்கள் கல்லூரிக் கால அட்டவணையிலேயே வரும், அதற்கெனத் தனி வழிமுறை இருக்கிறது. என்பிடெலோடு போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

கல்லூரியின் கூகுள் கிளாஸ்ரூமிலோ மூடிலிலோ உங்கள் மென்டார் ஒரு குழு தொடங்கியிருந்தால் அதில் சேருங்கள். தொடங்கவில்லை என்றால், ஒரே பாடம் எடுத்த நான்கைந்து பேர் சேர்ந்து வாரம் ஒரு நாள் உட்காருங்கள். தனியாக எடுத்தவர்களைவிட இப்படி உட்கார்ந்தவர்களே கடைசி வரை நிற்கிறார்கள்.

புதிதாக மென்டார் பொறுப்பு வந்திருக்கும் இளம் ஆசிரியர்களுக்கும் ஒரு வார்த்தை. மாணவர்கள் எடுக்கும் பாடத்தில் ஒன்றை நீங்களும் எடுங்கள். எஃப்டிபி (ஆசிரியர் மேம்பாட்டுப் பயிற்சி) என்று குறிக்கப்பட்ட பாடங்களில் ஆசிரியர்கள் பெறும் சான்றிதழை, தொழில்நுட்பக் கல்வியை முறைப்படுத்தும் ஏஐசிடிஇ ஆசிரியர் பயிற்சியாக ஏற்கிறது. 8 வாரம் ஒரு எஃப்டிபி, 12 வாரம் ஒன்றரை. அதைவிட முக்கியம், ஐந்தாம் வாரம் எங்கே மாணவர்கள் தடுக்கி விழுகிறார்கள் என்று உங்களுக்கு நேரடியாகத் தெரியும். மூன்றாம் வாரத்துக்குள் இரண்டு அசைன்மென்ட் தவறவிட்டவரைக் கூப்பிட்டுப் பேசினால் பெரும்பாலும் மீட்டுவிடலாம். எட்டாம் வாரத்தில் கூப்பிட்டால் முடியாது.

முடிவு வந்த பிறகு

சான்றிதழ் மின்வடிவில் வரும். அதில் உள்ள கியூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்து பெயர், மதிப்பெண் சரியாக இருக்கிறதா என்று பாருங்கள். இறக்கி இரண்டு இடத்தில் சேமியுங்கள். பிறகு கிரெடிட் மாற்ற விண்ணப்பத்தோடு, முதலில் வாங்கிய அனுமதிப் படிவத்தின் நகலையும் சேர்த்துத் துறை வழியாகத் தேர்வுப் பிரிவுக்குக் கொடுங்கள். கொடுத்த தேதியைப் போட்டு ஒப்புகை வாங்குங்கள். அதற்கும் கடைசித் தேதி இருக்கும். பெரும்பாலும் நோட்டீஸ் போர்டில் மட்டும்தான் ஒட்டியிருப்பார்கள்.

ஏபிசி கணக்கு இன்னும் தொடங்கவில்லை என்றால் டிஜிலாக்கர் வழியாகத் தொடங்கிவிடுங்கள். 2021 ஜூலையில் வந்த கிரெடிட் வங்கி அது. உங்கள் கிரெடிட்கள் எல்லாம் 12 இலக்க எண் ஒன்றின் கீழ் சேரும், பின்னாளில் கல்லூரி மாறினாலும் படிப்பை இடையில் விட்டுத் திரும்பினாலும் கைகொடுக்கும். அங்கேயும் பெயர் அதே எழுத்தில் இருக்கட்டும்.

தேர்ச்சி பெறவில்லை என்றால் அன்றைக்கே துறைத் தலைவரைப் பாருங்கள். அதே பாடம் அடுத்த பருவம் மறுபடி நடக்கிறதா, அதற்குப் பதில் வகுப்பில் எலக்டிவ் எடுப்பதா என்பதை அடுத்த பருவப் பதிவு முடிவதற்குள் தீர்மானித்தாக வேண்டும். தேர்ச்சி பெற்றவர்கள் அடுத்த மதிப்பெண் பட்டியல் கைக்கு வந்ததும் முதலில் அந்தப் பாடக் குறியீடு, கிரெடிட், கிரேடு மூன்றும் அச்சாகியிருக்கிறதா என்று பாருங்கள். இல்லை என்றால் ஒப்புகையை எடுத்துக்கொண்டு அந்த வாரமே தேர்வுப் பிரிவுக்குப் போங்கள்.